நூற்ற நூலும் கற்ற நூலும்: அகமதாபாத் நகரம் வளர்ந்த வரலாறு

இல்லறத்தார் ஆற்ற வேண்டிய தானங்களாகச் சமண அறம் நான்கினை வகுத்துள்ளது. பசித்தவர்க்கு உணவு, நோயுற்றவர்க்கு மருந்து, அறிய விழைவோர்க்குச் சாத்திரம், அஞ்சினார்க்கு அபயம் என்பன அவை. இவற்றுள் முதல் இரண்டும் எவர் கண்ணுக்கும் எளிதில் புலப்படுவன. சாத்திர தானம் பலன் தருவதற்குத் தலைமுறைகள் ஆகலாம். அபய தானமோ கொடுப்பவர் உள்ளத்தையே சோதிப்பது. ஒரு நகரத்தின் பொருள் வாழ்வு இந்நான்கு தானங்களோடு எவ்வாறு பிணைந்து நிற்கும் என்பதை அறிய, குஜராத்தின் அகமதாபாத் நகர வரலாறு நல்ல சான்றாக விளங்குகிறது. அந்நகரம் ஆலைகளால் வளர்ந்தது என்பது பலரும் அறிந்த செய்தி. ஆலைகள் அழிந்த பின்னரும் அது எதனால் நிலைத்தது, யாரைக் கைவிட்டு நிலைத்தது என்பன சிந்திக்கத் தக்க வினாக்களாகும்.

மூன்று இழைகளில் தொங்கிய நகரம்

சபர்மதி ஆற்றங்கரையில் 1411-ஆம் ஆண்டு சுல்தான் அகமது ஷா இந்நகரை நிறுவினார். பட்டு, பொன் சரிகை, பருத்தி ஆகிய மூன்று இழைகளில் இந்நகரம் தொங்குகிறது என்பது பழைய வழக்கு. நெய்வோரும் சாயம் தோய்ப்போரும் அச்சிடுவோரும் சரிகை இழுப்போரும் தத்தம் தெருக்களில் கூடி வாழ்ந்தனர். அவர்கள் செய்த சரக்கைக் கடல் கடந்து விற்கும் வணிகருள் சமணர் முதன்மையான இடம் பெற்றிருந்தனர்.

பதினேழாம் நூற்றாண்டில் வாழ்ந்த சாந்திதாஸ் ஜவேரி முகலாய அரசவைக்கு மணிகள் விற்ற சமணப் பெருவணிகர். அவர் வழிவந்தோர் நகர்சேட் எனும் பட்டம் பெற்று நகரத்து வணிகருக்குத் தலைமை தாங்கினர். 1725-ஆம் ஆண்டு மராட்டியப் படை நகரைக் கொள்ளையிட வந்தபோது, அவ்வழியில் வந்த குஷால்சந்த் தம் பொருளைத் தந்து நகரைக் காத்தார். நன்றி மறவாத வணிகர், நகரில் முத்திரையிடப்படும் சரக்கில் நூறு ரூபாய்க்கு நான்கு அணா வீதம் அவர் குடும்பத்திற்கு அளிப்பதாக உறுதி செய்தனர்.

இந்நிகழ்ச்சியில் அந்நகரின் தனித்தன்மை தெளிவாகிறது. மகாஜனம் எனப்பட்ட வணிகர் குழுக்கள் விலையும் விடுமுறையும் வகுத்தன. வழக்குத் தீர்த்தன. உயிரினங்களுக்கான காப்பகங்களையும் பேணின. ஆட்சி மாறினும் குழு மாறவில்லை. ஒருவர் சொல்லை மற்றவர் நம்பிப் பணம் தரும் பழக்கம் அக்குழுக்களால் வேரூன்றியது. பின்னாளில் வந்த ஆலைத் தொழிலுக்கு முதற்பொருளாக அமைந்தது இந்த நம்பிக்கையே.

கைவினைஞரைக் காக்கும் கடமையும் அக்காலத்தே உணரப்பட்டிருந்தது. ஹத்தீசிங் கேசரீசிங் எனும் சமண வணிகர் பதினைந்தாம் தீர்த்தங்கரராகிய தர்மநாதருக்கு வெண்பளிங்கில் கோயில் எழுப்பத் தொடங்கி, அது முடியுமுன் மறைந்தார். அவர் மனைவி ஹர்குன்வர் அம்மையார் பொறுப்பேற்று 1848-இல் அதனை நிறைவேற்றினார். பஞ்சம் வாட்டிய காலத்தில் அத்திருப்பணி நூற்றுக்கணக்கான கல்தச்சர் குடும்பங்களுக்குச் சோறிட்டது என அந்நகர மக்கள் இன்றும் நினைவு கூர்கின்றனர். பிச்சையாக வழங்கியிருக்கக் கூடிய பொருளை வேலையாக வழங்கியதால் பசியும் தீர்ந்தது, கலையும் பிழைத்தது.

ஆலை வந்த வரலாறு

அகமதாபாத்தின் முதல் நூற்பு ஆலையை நிறுவியவர் சமணரல்லர். நாகர் அந்தணரான ரண்சோட்லால் சோட்டாலால், அரசுப் பணியில் இருந்தவர். அவர் இங்கிலாந்திலிருந்து எந்திரங்களை வரவழைக்க முயன்றபோது முதலில் அனுப்பப்பட்ட சரக்கு கடலிலேயே அழிந்தது. மீண்டும் வரவழைத்த எந்திரங்கள் காம்பே துறையில் இறங்கி மாட்டுவண்டிகளில் நகரம் வந்து சேர்ந்தன. அந்நாளில் அங்கே இருப்புப்பாதை இல்லை. 1861-ஆம் ஆண்டு மே மாத இறுதியில் 2,500 கதிர்களும் 65 தொழிலாளரும் கொண்டு ஆலை ஓடத் தொடங்கியது. பம்பாயிலிருந்து புகைவண்டி அகமதாபாத்தை எட்டியது 1864-இல்தான்.

அவர் வெற்றியைக் கண்ட பின்னர், வட்டிக்கும் வணிகத்திற்கும் மட்டுமே பணத்தைப் பயன்படுத்திய சமண, வைணவ வணிகர் ஆலைத் தொழிலில் இறங்கினர். நகர மக்கள் தம் சேமிப்பை ஆலைகளில் வைப்புத் தொகையாகச் செலுத்தினர். சேட் ஒருவரின் பெயரே போதிய ஈடாகக் கருதப்பட்டது. இவ்வாறு வெளிநாட்டு முதலை நாடாமல் உள்ளூர்ப் பணத்தைக் கொண்டே தொழில் வளர்ந்தது. பம்பாய் ஆலைகள் சீனத்துக்கு நூல் அனுப்புவதில் நாட்டம் கொண்டிருந்த காலத்தில், அகமதாபாத் ஆலைகள் நம் நாட்டார் உடுத்தும் வேட்டியும் சேலையும் நெய்வதில் கருத்தைச் செலுத்தின. நாட்டு மக்களின் விருப்பம் அறிந்து கரையும் நிறமும் வகுக்கும் மரபறிவு அந்நகரத்துக்கு முன்பே இருந்தது. 1905-இல் சுதேசி இயக்கம் எழுந்தபோது இத்துணிகளுக்குச் சந்தை மேலும் விரிந்தது.

ரண்சோட்லால் பின்னர் நகராட்சித் தலைவராகிக் குழாய்க் குடிநீரும் நிலத்தடிக் கழிவுநீர்ப் பாதையும் கொணர்வதற்குப் பாடுபட்டார். வரி கூடும் என்று எதிர்த்தவர் பலர். ஆயினும் மக்கள் நலமின்றித் தொழில் நலமில்லை என்பதை அவர் உணர்ந்திருந்தார். ஆலை வைத்தவர் ஊரையும் பேண வேண்டும் எனும் மரபு அவரோடு உறுதிப்பட்டது.

1918: அண்ணனும் தங்கையும் அல்ல, தம்பியும் தமக்கையும்

ஆலைகள் பெருகப் பெருக, அவற்றின் ஊதியத்தில் தொழிலாளர் பங்கு எவ்வளவு எனும் வினா எழுந்தது. 1917-இல் கொள்ளைநோய் பரவியபோது தொழிலாளர் ஊரைவிட்டு ஓடாதிருக்க முதலாளிகள் மிகைக்கூலி தந்தனர். நோய் தணிந்தபின் அதனை நிறுத்த முற்பட்டனர். விலைவாசியோ குறையவில்லை. தொழிலாளர் பக்கம் நின்றவர் அனசூயா சாராபாய். முதலாளிகளின் பக்கம் தலைமை தாங்கியவர் அவர் தம்பி அம்பாலால் சாராபாய். இருவரும் சமணக் குடும்பத்தில் பிறந்தவர்கள்.

தொழிலாளர் 50 விழுக்காடு உயர்வு கோரினர். முதலாளிகள் 20 விழுக்காட்டுக்கு மேல் இசையவில்லை. இருதரப்புக் கணக்கையும் ஆராய்ந்த காந்தியடிகள் 35 விழுக்காடே நேர்மையானது எனக் கூறினார். 1918 பிப்ரவரி 22-இல் கதவடைப்புத் தொடங்கியது. சபர்மதிக் கரையில் ஒரு கருவேல மரத்தின் நிழலில் தொழிலாளர் நாள்தோறும் கூடினர். அவர்தம் உறுதி தளரக் கண்ட காந்தியடிகள் மார்ச் 15-இல் உண்ணாநோன்பு மேற்கொண்டார். மூன்று நாளில் உடன்பாடு ஏற்பட்டது. நடுவராக அமர்ந்த ஆனந்தசங்கர் துருவா, 35 விழுக்காட்டையே தீர்ப்பாக வழங்கினார். 1920-இல் மஜூர் மகாஜனம் எனும் தொழிலாளர் சங்கம் பிறந்தது.

வணிகர் தம் குழுவுக்கு வழங்கிய மகாஜனம் எனும் பெயரையே தொழிலாளரும் தம் சங்கத்துக்குச் சூட்டியது கருதத்தக்கது. நகரத்தின் செல்வத்தில் தமக்கும் உரிமை உண்டு என்பதை அப்பெயராலேயே அவர்கள் அறிவித்தனர். வழக்கு எழுந்தால் நடுவர் முன் வைத்துத் தீர்ப்பது எனும் முறை அதன்பின் நெடுங்காலம் அந்நகரில் நிலவியது. தொழில் அமைதி நிலவிய அந்த ஆண்டுகளில் ஆலைகளின் எண்ணிக்கை எழுபதைக் கடந்தது.

செல்வம் அறிவாக மாறியது

அம்பாலாலுக்குப் பின் அந்நகரைச் செதுக்கிய சமணப் பெருமக்களுள் இருவர் குறிப்பிடத் தக்கவர். ஒருவர் கஸ்தூர்பாய் லால்பாய். 1894-இல் பிறந்த அவர், 1912-இல் தந்தை மறைந்ததால் கல்லூரிப் படிப்பை விடுத்து, ஆலைப் பொறுப்பை ஏற்றார். 1931-இல் அவர் குடும்பம் அரவிந்த் ஆலையை நிறுவியது. இறக்குமதியான மெல்லிய துணிகளுக்கு ஈடாக நம் நாட்டிலேயே உயர்தரத் துணி நெய்வது அதன் நோக்கம். ஆனந்த்ஜி கல்யாண்ஜி அறநிலையத்தின் தலைவராக ஏறத்தாழ ஐம்பது ஆண்டுகள் இருந்து, ராணக்பூர், ஆபு மலைத் தில்வாரா ஆகிய இடங்களின் கோயில்களைப் புதுப்பித்தவரும் அவரே. அத்திருப்பணிகளால் சோம்புரா மரபுக் கல்தச்சர் மீண்டும் உளியெடுத்துப் பண்டைய வேலைப்பாட்டைப் பயிலும் வாய்ப்புப் பெற்றனர்.

படிப்பைத் தொடர இயலாமற் போன அவர், தம் நகரின் இளைஞர்க்கு அக்குறை நேராதிருக்க முனைந்தார். மாவலங்கர் முதலியோரோடு சேர்ந்து 1935-இல் அகமதாபாத் கல்விக் கழகத்தை உருவாக்கினார். தந்தையார் பெயரால் பொறியியல் கல்லூரிக்கு நிலமும் பொருளும் நல்கினார். முனி புண்ணியவிஜயர் திரட்டி வைத்திருந்த சுவடிகள் பல்லாயிரத்தைக் காக்க, லால்பாய் தல்பத்பாய் இந்தியவியல் நிறுவனத்தை நிறுவினார். ஆலையில் நூற்ற நூலின் ஊதியம் ஏட்டிலுள்ள நூலைக் காக்கச் செலவிடப்பட்டது.

மற்றொருவர் அம்பாலாலின் மகன் விக்ரம் சாராபாய். காஸ்மிக் கதிர்களை ஆராய்ந்து கேம்பிரிட்ஜில் பட்டம் பெற்றுத் திரும்பிய அவர், 1947 நவம்பரில் பௌதிக ஆய்வுக்கூடத்தைத் தொடங்கினார். வானிலை ஆய்வுத் துறையில் புகழ்பெற்ற பாலக்காட்டுக் கல்பாத்தி இராமநாதன் அதன் முதல் இயக்குநராக வந்து சேர்ந்தார்.

அதே ஆண்டில் அட்டிரா எனப்படும் அகமதாபாத் நெசவுத் தொழில் ஆய்வுக் கழகமும் பிறந்தது. போட்டியிடும் ஆலைகள் பலவும் சந்தா செலுத்த, அரசும் தன் பங்கை அளிக்க, ஒரே ஆய்வுக்கூடம் எல்லா ஆலைகளுக்கும் பணி செய்வது அதன் ஏற்பாடு. தனித்து ஓர் ஆலையால் தாங்க இயலாத ஆய்வுச் செலவைக் கூடித் தாங்கினர். பழைய மகாஜன முறையே இங்குப் புது வடிவு கொண்டது எனலாம். நெசவுத் தொழிலில் முன்பழக்கமில்லாத விக்ரம் அதற்கு மதிப்பியல் இயக்குநரானார். இளம் அறிவியலாளரை அமர்த்தினார். பஞ்சின் இழைநீளம், நூலின் உறுதி, ஆலையின் ஈரப்பதம் ஆகியவற்றைக் கைப்பழக்கத்தாலும் ஊகத்தாலும் கணித்து வந்த மேஸ்திரிகள், அளவும் கணக்கும் கொண்டு தரம் காக்கும் முறையைக் கற்கலாயினர்.

புதுமை என்பது எந்திரத்தில் மட்டும் இல்லை என்பதற்கு 1953-இல் நடந்த ஒரு சோதனை சான்று. காலிகோ ஆலையைச் சேர்ந்த ஒரு கொட்டகையில் 224 தானியங்கித் தறிகள் நிறுவப்பட்டிருந்தன. விலையுயர்ந்த தறிகள்தாம். எனினும் எதிர்பார்த்த உற்பத்தி கிட்டவில்லை. இலண்டன் தவிஸ்டாக் நிறுவனத்திலிருந்து வந்த ஏ.கே. ரைஸ் காரணத்தை ஆராய்ந்தார். ஒவ்வொரு தொழிலாளியும் தனக்குரிய சிறு வேலையை மட்டும் பார்த்தான். ஒரு தறிக்கு முழுப்பொறுப்பு என்று எவருக்கும் இல்லை. சிறு குழு ஒன்றிடம் சில தறிகளை முழுமையாக ஒப்படைக்கலாம் என்னும் கருத்தை அவர் முன்வைத்தார். தொழிலாளர் தாமே கலந்து பேசித் தம் குழுக்களை அமைத்துக் கொண்டனர். உற்பத்தி உயர்ந்தது, பழுதுத் துணி குறைந்தது. தறி பழையதே, ஆட்களும் பழையவரே. அவர்கள்மேல் வைத்த நம்பிக்கை மட்டுமே புதியது.

கலைஞர்க்கு இடம்

ஆய்வுக்கூடத்தோடு அந்நகரம் நிற்கவில்லை. ஈழத்துத் தமிழ் மரபில் வந்த கலைஞானி ஆனந்த குமாரசாமி, அகமதாபாத்தில் நெசவுக் கலைக்கென ஒரு நிறுவனம் வேண்டும் என்று கௌதம் சாராபாயிடம் கூறியதன் விளைவாக, 1949-இல் காலிகோ துணிக் காட்சியகம் திறக்கப்பட்டது. எந்திரத் துணி விற்றவர்களே கைத்துணியின் மாண்பை ஆவணப்படுத்தினர். அதே ஆண்டில் மிருணாளினி, தம் கணவர் விக்ரமோடு சேர்ந்து தர்ப்பணா எனும் ஆடற்கலைக் கூடத்தை நிறுவிப் பரதநாட்டியத்தைச் சபர்மதிக் கரைக்குக் கொண்டு சென்றார்.

1950-களில் பிரெஞ்சுக் கட்டடக் கலைஞர் லெ கார்பூசியே ஆலை முதலாளிகள் சங்கத்துக்குக் கட்டடம் வடித்தார். அவரிடம் பயின்ற பாலகிருஷ்ண தோஷி அந்நகரிலேயே தங்கி 1962-இல் கட்டடக் கலைப் பள்ளியைத் தொடங்கினார். அவருக்கு 2018-இல் பிரிட்ஸ்கர் பரிசு கிடைத்தது. அமெரிக்க வடிவமைப்பாளர்களான சார்லஸ், ரே ஈம்ஸ் இணையர், 1958-இல் அரசுக்கு அளித்த அறிக்கையில் நம் வீட்டுச் செம்பினை வடிவமைப்பின் சிறந்த எடுத்துக்காட்டாகக் காட்டினர். அதன் பயனாக 1961-இல் தேசிய வடிவமைப்பு நிறுவனம் அகமதாபாத்தில் உருவானது. கௌதமும் அவர் சகோதரி கீராவும் அதனை வளர்த்தனர். அதே 1961 டிசம்பரில் இந்திய மேலாண்மை நிறுவனமும் தோன்றியது. மத்திய அரசு, மாநில அரசு, ஆலை முதலாளிகள் ஆகிய மூவரும் கைகோத்த பணி அது.

பஞ்சு வாங்கி விற்ற நகரில் இத்தனை கலைஞரும் அறிஞரும் ஏன் கூடினர்? அவர்களை அழைத்தவர்கள் உடனடி இலாபத்தைக் கணக்கிடவில்லை. அறிவுடையோர் அருகருகே வாழ்ந்தால் எதிர்பாராத நன்மைகள் விளையும் என நம்பினர். அந்நம்பிக்கை பொய்க்கவில்லை. விக்ரம் நட்ட வித்திலிருந்து விண்வெளி ஆய்வு கிளைத்தது. 1967-இல் செயற்கைக்கோள் தொடர்பு நிலையமும், அவர் மறைந்த மறு ஆண்டாகிய 1972-இல் விண்வெளிப் பயன்பாட்டு மையமும் அந்நகரில் அமைந்தன. 1947-இல் தோன்றிய மருந்தியல் கல்லூரியில் கற்பித்த ரமண்பாய் பட்டேல், இந்திரவதன் மோடியோடு சேர்ந்து 1952-இல் காடிலா மருந்து நிறுவனத்தைத் தொடங்கினார். பாலன்பூர்ப் பகுதிச் சமணரான உத்தம்பாய் மேத்தா 1959-இல் சிறு அளவில் தொடங்கிய மருந்துத் தொழில் பின்னர் டோரண்ட் நிறுவனமாக வளர்ந்தது. அரசுத் துறையொன்றில் வேதியியலராக இருந்த கர்சன்பாய் பட்டேல், 1969-இல் வீட்டில் செய்த சலவைத் தூளை மிதிவண்டியில் கொண்டு சென்று விற்றார். அதுவே நிர்மா ஆயிற்று. தொழில் முனைவோரைப் பயிற்றுவிக்க என்றே 1983-இல் ஒரு நிறுவனமும் அந்நகரில் எழுந்தது.

ஆலைகள் மூடியபோது

இவ்வளவும் கூறிய பின் மறைக்கக் கூடாத ஒன்று உண்டு. 1980-களிலும் 1990-களிலும் ஐம்பதுக்கு மேற்பட்ட ஆலைகள் ஒன்றன்பின் ஒன்றாக மூடப்பட்டன. விசைத்தறிகள் மலிவாக நெய்தன. மக்கள் செயற்கை இழைத் துணியை விரும்பினர். ஊதியம் வந்த நாளில் எந்திரத்தைப் புதுப்பிக்காமல் வேறு தொழில்களுக்குப் பணத்தைத் திருப்பிய முதலாளிகள் பலர். அட்டிரா அருகிலேயே இருந்தும் அதன் அறிவுரையைச் செயற்படுத்தாத ஆலைகள் அழிந்தன. நாடறிந்த காலிகோ ஆலையும் தப்பவில்லை. மாறாக, 1980-களின் இறுதியில் டெனிம் துணிக்கு மாறிய அரவிந்த் ஆலை உலகின் பெரிய டெனிம் உற்பத்தியாளருள் ஒன்றாக எழுந்தது. அதுவும் பின்னர்ப் பெருங்கடனில் சிக்கி மீள வேண்டியிருந்தது.

பல பத்தாயிரம் தொழிலாளர் வேலை இழந்தனர். தந்தைக்குப் பின் மகன் என ஆலையையே நம்பி வாழ்ந்த குடும்பங்கள் அவை. மாதச் சம்பளமும் மருத்துவ வசதியும் பெற்றவர்கள் ஆட்டோ ஓட்டினர், தள்ளுவண்டியில் காய் விற்றனர், கூலிக்குச் சுமை தூக்கினர். வீட்டுப் பெண்கள் ஊதுவத்தி உருட்டியும் துண்டுக் கணக்கில் ஆடை தைத்தும் அடுப்பெரித்தனர். மேலாண்மை நிறுவனமும் வடிவமைப்பு நிறுவனமும் ஓங்கி நின்ற அதே நகரில்தான் இதுவும் நிகழ்ந்தது. அந்நிறுவனங்களின் வாயில் ஆலைத் தொழிலாளியின் பிள்ளைக்கு எளிதில் திறக்கவில்லை. சாத்திர தானம் சிறப்புற நடந்தது. அபய தானம் குறைப்பட்டது.

அக்குறையை ஓரளவு நிரப்பியது பழைய தொழிலாளர் சங்கத்தின் கிளையொன்று. மஜூர் மகாஜனத்தின் மகளிர் பிரிவில் பணியாற்றிய இலா பட், ஆலைக்கு வெளியே உழைக்கும் ஏழைப் பெண்களைத் திரட்டிச் சேவா சங்கத்தை உருவாக்கினார். அது 1972-இல் பதிவு பெற்றது. 1974-இல் ஏறத்தாழ 4,000 பெண்கள் ஆளுக்குப் பத்து ரூபாய் பங்கு செலுத்தித் தமக்கென ஒரு கூட்டுறவு வங்கியைத் தொடங்கினர். நகர்சேட்டின் சொல்லை நம்பிப் பணம் தந்த நகரில், இப்போது காய்விற்கும் பெண்கள் ஒருவரையொருவர் நம்பிப் பணம் சேர்த்தனர். ஆலைகள் மூடிய காலத்தில் பல குடும்பங்களைத் தாங்கியது அப்பெண்களின் உழைப்பே.

வரலாறு வைக்கும் கணக்கு

அகமதாபாத்தில் கட்டப்பட்ட ஆலைகளுள் பெரும்பாலானவை இன்று இல்லை. அவற்றின் ஊதியத்தில் ஒரு பகுதியைக் கொண்டு எழுப்பிய ஆய்வுக்கூடங்களும் கல்விக்கூடங்களும் காட்சியகமும் சுவடிச் சாலையும் நிற்கின்றன. புதிய தொழில்களுக்கு ஆளும் அறிவும் தந்தவை அவைதாம். 2017-இல் யுனெஸ்கோ அந்நகரின் பழம்பகுதியை உலக மரபுச் சின்னமாக ஏற்றது. மரவேலைப்பாடு மிக்க அதன் வீடுகளும் ஜினாலயங்களும் பெயர் தெரியாத தச்சர்களின் கைவண்ணம்.

அட்டிரா காட்டிய வழி தமிழகத்துக்கும் வந்தது. 1956-இல் கோவையில் தென்னிந்திய நெசவு ஆய்வுக் கழகம் ஆலைகளின் கூட்டு முயற்சியாகவே தோன்றியது. கொங்கு நாட்டு ஆலைகள் தம் நூலின் தரத்தை உயர்த்திக் கொள்ள அது துணை நின்றது. ஓரிடத்தில் நட்ட நல்ல மரபு வேறிடத்திலும் காய்க்கும் என்பதற்கு இது சான்று.

மிகுபொருள் விரும்பாமை இல்லறத்தார் விரதங்களுள் ஒன்று. ஈட்டுவதற்கு அவ்விரதம் தடை சொல்வதில்லை. ஓர் எல்லை வகுத்து, அதற்கு மேற்பட்டதைத் தன்னுடையது என்று எண்ணாதிருக்கப் பணிக்கிறது. எல்லைக்கு மேற்பட்ட அப்பொருள் எங்கே செல்கிறது என்பதைப் பொறுத்தே ஊரின் எதிர்காலம் அமைகிறது. கோயிலுக்குச் சென்ற பொருள் கல்தச்சனை வாழ்வித்தது. கல்விக்குச் சென்ற பொருள் ஆலைகளுக்குப் பின்னும் நகரை வாழ்வித்தது. ஆலையின் பழைய தறிகளுக்கும், அத்தறிகளை ஓட்டிய கைகளின் மறுவாழ்வுக்கும் உரிய காலத்தில் பொருள் செல்லவில்லை. அதன் விலையை ஆலை வாயிலில் நின்ற தொழிலாளர் கொடுத்தனர். இனித் தொழில் தொடங்குவோரும் அறநிலையம் நடத்துவோரும் நான்கு தானங்களையும் ஒருசேரக் கருதுவார்களாயின், அந்நகரத்தின் சிறப்பு மட்டுமன்றி அதன் இழப்பும் வீண்போகாது.